முதல் நாவலை நானே போட்டேன்: கேடிபி, கோவை அச்சகம், பேக்கேஜ் கம்பெனிகள் பற்றி ஒரு விமர்சனம்

எழுதியவரே தன் புத்தகத்தை அமேசானில் வெளியிட வழி செய்யும் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், எல்லோரும் சொல்வது போல கேடிபி, தமிழில் முதல் நாவல் எழுதியவருக்கு உதவுமா என்று கேட்டால் உதவும், ஆனால் பாதி தூரம் வரைக்கும்தான். மின்னூலுக்கு அதைவிட எளிதான வழியை நான் பார்க்கவில்லை, 5க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். தமிழ் அச்சுப் புத்தகத்துக்கு அது நமக்கு ஆகாது, அதற்குத் தனியாக அச்சகம் பிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து "எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பேக்கேஜ் கம்பெனிகளுக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தை ஒரு நல்ல எடிட்டருக்கும் நல்ல பைண்டிங்குக்கும் கொடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோத்தகிரியில் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பத்திரிகை, பதிப்பகம் என்று எந்தத் தொடர்பும் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் விலை கேட்டு, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் செய்தேன். மலையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன், முக்கியமாகப் பைண்டிங் விஷயம். அதைக் கீழே சமவெளியில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

நாவல் எங்கள் ஆட்களைப் பற்றியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் இன்றைக்கு டான்டீ. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் பெயர் பதிந்து, பிறகு இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம், அதில் மூன்று தலைமுறைப் பெண்கள். இங்கே எங்களை இன்னும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். அறுபதாயிரம் சொற்களுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இப்படி ஒரு கதையைப் பெரிய பதிப்பகங்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் போகலாம், ஆனால் கதையில் வருகிற பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே புத்தகம் அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. வரிசையில் நின்று காத்திருக்க முடியாது.

எழுதுகிற காலத்திலேயே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வரியில் இருந்தே யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற பொது எழுத்து முறையில், எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை என்றாலும் சரி, கைபேசியில் கூகுள் விசைப்பலகை என்றாலும் சரி, யூனிகோடாக இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இங்கே மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாவலில் பெரும்பகுதியைக் கைபேசியில்தான் தட்டினேன். டிடிபி சென்டர்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில், பாமினி போன்றவற்றில், வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யூனிகோடை அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், துணைக்காலும் 'ர'வும் குழம்பும், அப்புறம் அந்தக் கோப்பை வைத்து மின்னூலும் போட முடியாது, கேடிபியில் ஏற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பையாக வந்து நிற்கும். யூனிகோட் மூலம் ஒன்றே ஒன்று இருந்தால் பிழை திருத்தம் ஒரு முறை செய்தால் போதும், மின்னூலுக்கும் அச்சுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எல்லாமே இரட்டை வேலை.

சரி, கேடிபி. கணக்குத் தொடங்கப் பணம் கிடையாது. பான் எண், வங்கிக் கணக்கு, அப்புறம் ஒரு வரிப் படிவம், டபிள்யூ-8பென் என்பார்கள், அதை இணையத்திலேயே கேள்வி பதிலாக நிரப்பலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்கிற பிரதிகளின் ராயல்டிக்கு, அதாவது நமக்கு வரும் பங்குக்கு, அங்கே 30 சதவீதம் வரி பிடிப்பார்கள், படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் 15 சதவீதமாகக் குறையும். பொறுமையாகப் படித்தால் ஒரு மாலையில் முடிகிற வேலைதான்.

வேர்ட் கோப்பை ஏற்றினால் போதும், தமிழ் ஒழுங்காக வருகிறது. புத்தகத்துக்கு அடையாளமாகக் கொடுக்கிற ஐஎஸ்பிஎன் எண் மின்னூலுக்குத் தேவையில்லை, அமேசானே ஒரு எண் கொடுத்துவிடும். 72 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார்கள், எனக்கு அதற்குள் கடையில் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதிய பகுதி அல்லது வரைந்த படம் இருக்கிறதா என்று 2023இல் இருந்து கேட்கிறார்கள், இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சின்ன விஷயம், ஆனால் படிக்கிறவர் கண்ணுக்குப் பெரிய விஷயம்: பத்திகளை இரண்டு பக்கமும் சமமாக இழுத்து வைக்காமல் இடது பக்கம் மட்டும் சீராக விடுங்கள். தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளமாக வரும், கைபேசித் திரையின் அகலத்தில் அவற்றை இழுத்துப் பிடித்தால் சொல்லுக்குச் சொல் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பிற புத்தகங்களின் மாதிரிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிண்டிலில் வாங்குவதற்கு முன் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிற மாதிரி, புத்தகத்தின் முதல் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். நம் ஊர்ப் புத்தகங்களில் முன்னால் என்ன இருக்கிறது? காணிக்கை, பதிப்புரை, ஒரு அணிந்துரை, இன்னொரு அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி. வாசகர் இதையெல்லாம் தாண்டிக் கதைக்கு வருவதற்குள் மாதிரி முடிந்துவிடும், அவர் நம் நடையில் ஒரு வரி கூடப் பார்த்திருக்க மாட்டார். மின்னூலில் காணிக்கையை ஒரு வரியாக வைத்துவிட்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள், மற்ற எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அணிந்துரை எழுதிக் கொடுத்தவர் வருத்தப்படுவாரோ என்று தோன்றினால் அச்சுப் பிரதியில் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

பணம் எப்படி வருகிறது என்பதில்தான் நிறைய பேர் ஏமாற்றம் அடைகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ராயல்டி 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகை. இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 வேண்டும் என்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூல் வேறு எங்கும் இருக்கக்கூடாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நாமே போய் அந்தக் குறியை எடுக்க வேண்டும். பிரதிலிபி என்ற இணையத் தளத்தில் தொடராக எழுதிப் பெயர் வாங்கியவர்கள் இங்கேதான் யோசிக்க வேண்டும், செலக்டில் இருக்கும் வரை அந்தத் தொடரை அங்கே விட்டுவைக்க முடியாது, பத்து சதவீத அளவு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். 70 சதவீத வகையில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு டெலிவரிக் கட்டணம் கழியும், அதனால் உள்ளே குடும்பப் புகைப்படங்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் அளவைக் குறைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் பணம் வங்கிக்கு வரும்.

செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கிற பக்கங்களுக்கும் பணம் உண்டு. எனக்கு விற்பனையைவிட இதில்தான் அதிகம் வருகிறது. சொற்பத் தொகைதான், ஆனால் படித்த பக்கங்களுக்குக் கேடிபி காட்டுகிற வரைபடத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெரிகிறது: புத்தகத்தை எடுத்தவர்கள் கடைசி வரை படித்திருக்கிறார்களா, முதல் 40 பக்கத்தோடு வைத்துவிட்டார்களா என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அச்சுப் புத்தகம் எந்தக் காலத்திலும் எழுதியவருக்கு இதைச் சொன்னது கிடையாது. கனடாவில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும் ஆட்கள் படிக்கிறார்கள், கோத்தகிரியில் இருந்து தபாலில் அனுப்பியிருந்தால் புத்தக விலையைப் போல மூன்று மடங்கு செலவாகியிருக்கும். இதற்காகவே கேடிபிக்கு நான் நன்றி சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன. தமிழ் நாவலுக்குப் பொருத்தமான வகைப்பாடுகள் குறைவு, மூன்று வகைகள் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மூன்றாவதாக எதைப் போடுவது என்றே தெரியாது. புத்தகத்தை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாமல் கிடக்கும், அமேசான் அதை எடுத்துக்கொண்டு போய் யாரிடமும் காட்டாது. 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தினேன், நிறைய பேர் இறக்கிக்கொண்டார்கள், படித்தவர்கள் அதில் சிலர்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை அச்சுப் பிரதி. வெளிநாடுகளில் கேடிபியிலேயே ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு அனுப்புகிறார்கள், இந்தியக் கடையில் அந்த வசதி இல்லை. நம் மொழிக்கு மின்னூல் மட்டும்தான். என் பாட்டிமாருக்குக் கிண்டில் எதற்கு? அவர்களுக்கு அட்டை போட்ட புத்தகம்தான் புத்தகம்.

இந்த இடத்தில்தான் பேக்கேஜ்காரர்கள் வருகிறார்கள். பேஸ்புக்கில் ஒரு முறை 'நாவல் வெளியிட' என்று தேடினால் போதும், அடுத்த நாளில் இருந்து போன்தான். ஒரு கம்பெனி எனக்கு அனுப்பிய திட்டத்தில் 75,000 ரூபாய்க்கு எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன், அமேசான் வெளியீடு, வீடியோ டிரெய்லர், ஒரு சான்றிதழ், 50 பிரதிகள் என்று இருந்தது. பெயர் வேண்டாம், இதே அமைப்பில் பல கம்பெனிகள் இருக்கின்றன. தலைப்பில் '100 சதவீத ராயல்டி'. உள்ளே படித்தால் அவர்கள் சொல்கிற அச்சுச் செலவு, கடைக் கழிவு, கையாளும் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில் 100 சதவீதம். ஐஎஸ்பிஎன் அவர்கள் பெயரில், அதாவது பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள். லேஅவுட் கோப்பு, அதாவது பக்கங்களை வடிவமைத்த கோப்பு, அவர்களிடமே இருக்கும், நாளைக்கு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும் என்றால் அதற்கும் கட்டணம். எனக்கே கூடுதல் பிரதி வேண்டும் என்றால் அட்டை விலையில் 'சலுகை' கொடுத்து எனக்கு விற்பார்களாம். எடிட்டிங் என்று போட்டிருந்ததே, யார் செய்வார் என்று கேட்டேன், "எங்கள் டீம்" என்றார்கள். அந்த டீமில் ஒருவராவது என் நாவலைப் படித்துவிட்டு என்னோடு பேசுவாரா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் பெரிய எழுத்தில் இருந்த ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளர் என்றே பதிந்து நம் பெயரில் வாங்கலாம். காப்புரிமையைப் பதிந்தே ஆக வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதி முடித்தவுடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, வாழ்நாள் முழுதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும். பதிவு செய்வது ஒரு கூடுதல் சாட்சி, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய், அதையும் நாமே இணையத்தில் செய்யலாம். இவற்றுக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

நான் செலவு செய்தது எங்கே என்றால் எடிட்டருக்கு 18,000, மெய்ப்பு பார்த்த ஓய்வு பெற்ற தமிழாசிரியைக்கு 6,000, அட்டைக்கு 4,000, லேஅவுட்டுக்குப் பக்கத்துக்கு 25 ரூபாய் கணக்கில் 6,400, அச்சுக்கு 200 பிரதி 25,000. மொத்தம் 59,400. அவர்கள் சொன்னதைவிடக் குறைவு, பிரதிகள் நான்கு மடங்கு, எல்லாக் கோப்பும் என் கையில்.

எடிட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவல் நாவலானது அவரால்தான். கோவையில் இருக்கிறார், பெயர் போடுவதை விரும்பவில்லை. கையெழுத்துப் பிரதியை முழுதாக வாசித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "அக்கா, கப்பல் 40ஆம் பக்கத்துலதான் வருது. அதுவரைக்கும் ஒப்பந்தம், தேதி, யார் யாரோட பேசினாங்கன்னு இருக்கு. அந்தப் பாட்டி கையில தகரப் பெட்டியோட கப்பல்ல ஏறுறதுல இருந்து ஆரம்பிக்கக் கூடாதா?" எனக்கு அந்த 40 பக்கங்களின் மேல் மிகுந்த பாசம், வரலாற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா, எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. அவர் விடவில்லை. வரலாற்றை எடுக்கச் சொல்லவில்லை, அதைப் பாத்திரங்கள் வாயிலும் கையிலும் வைக்கச் சொன்னார்: ரேஷன் கார்டு வாங்கப் போகிற வரிசையில், பெயர் தப்பாக எழுதப்பட்ட குடும்ப அட்டையில், முதல் குளிர்காலத்தில் பனி விழுந்து கருகிய தேயிலையில். மூன்று மாதம் திருத்தி எழுதினேன். இன்று படித்தவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது அந்தத் தகரப் பெட்டியைப் பற்றித்தான்.

மெய்ப்பு பார்த்த டீச்சரோடு வேறு விதமான வாக்குவாதம். தோட்டத்து ஆட்கள் பேசுவதை அவர் பள்ளிக்கூடத் தமிழாக்கிக்கொண்டே வந்தார். "ஏம்மா, நாளைக்கு ஒரு பிள்ளை இதைப் படிச்சா இப்படித்தானே எழுதும்?" என்றார். "டீச்சர், கதை சொல்ற இடத்துல ஒரு ஒற்றுகூட விடாதீங்க, பேசுற இடத்துல மட்டும் கை வெக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு நோட்டுப் போட்டோம். யார் எப்படிப் பேசுவார், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று அதில் வரிசையாக எழுதிக்கொண்டோம், பாட்டி ஒரு மாதிரி பேசுவாள், இங்கே பிறந்த பேத்தி இன்னொரு மாதிரி பேசுவாள், படுகர் கடைக்காரர் மூன்றாவது மாதிரி. நாவல் முழுக்க அது மாறாமல் இருக்கிறதா என்று டீச்சர் பார்த்தார். வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் மெய்ப்புக்குக் கொடுப்பதற்கு முன் இப்படி ஒரு நோட்டைக் கொடுத்துவிடுவது நல்லது, சண்டை பாதியாகக் குறையும்.

அச்சு. டெமி என்கிற புத்தக அளவு, 256 பக்கம். அச்சகங்கள் 16 பக்கத்தை ஒரு பாரம் என்று கணக்கிடும், 16 பாரம் சரியாக 256. லேஅவுட் முதலில் 261 பக்கம் வந்தது, எழுத்தளவைக் கால் புள்ளி குறைத்து, அத்தியாய முடிவுகளில் தொங்கிய ஒற்றை வரிகளை இழுத்து உள்ளே கொண்டுவந்தோம். லேஅவுட் செய்கிறவர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான கம்போசர் அமைப்பை, வேர்ல்ட் ரெடி என்று இருக்கும், தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். 200 பிரதிக்கு, பிளேட் போட்டு அடிக்கிற ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல்தான்.

இப்போது பைண்டிங். முதலில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள், கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் அச்சகத்துக்குப் போகாதீர்கள். எனக்கு வந்த மாதிரி பார்க்க அழகாக இருந்தது. மார்கழி மாதம், இரவெல்லாம் ஜன்னலோரம் கிடந்தது, காலையில் நடுவில் விரித்தேன், முதுகில் சடக் என்று ஒரு சத்தம், எட்டுப் பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. அச்சகத் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, கோயமுத்தூர்ல இப்படி யாரும் சொன்னதே இல்லையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். பக்கங்களின் முதுகில் பசை தடவி அட்டையை ஒட்டுகிற வழக்கமான பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், சூடாக்கி உருக்கிப் போடுகிற ஹாட் மெல்ட் பசை குளிரில் விறைத்துவிடும், விறைத்த பசையை விரித்தால் விரிசல் விடும். கோவைச் சூட்டில் அது தெரியவே தெரியாது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் குளிரில் வருடத்தில் பாதி நாள் தெரியும். இதற்கு இரண்டு வழிகள்: பியூஆர் என்ற வேறு வகைப் பசை, அது குளிரிலும் வளையும், அல்லது பக்கங்களைச் செக்‌ஷனாக மடித்து நூல் போட்டுத் தைப்பது. அவர் விசாரித்துவிட்டு வேறொரு பைண்டரிடம் பியூஆர் போட்டுத் தந்தார், பிரதிக்கு 9 ரூபாய் கூடுதல், மேலே சொன்ன 25,000இல் அதுவும் அடக்கம். அந்தத் தம்பி கோபப்படாமல், மழுப்பாமல் செய்து கொடுத்தார், மலைக்கு வருகிற வேலை என்றால் இனி பசையைக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

அட்டை சுருள்வதும் அதே போல மலைப் பிரச்சினை. அட்டையின் வெளிப்பக்கம் லேமினேஷன் போட்டிருக்கும், ஈரம் அந்தப் பக்கம் ஏறாது, உள்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதனால் அட்டை வெளிப்பக்கமாக வளைந்துகொண்டு எழும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை எடுத்து, காகித இழை புத்தக முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டச் சொன்னால் ரொம்பக் குறையும். வீட்டில் அடுக்கி வைக்கும்போது படுக்கை வாட்டில் வைத்து மேலே பாரம் வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இங்கே சுவரே ஈரம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பிரவுன் பேப்பரில் கட்டித் தாருங்கள் என்று கேட்டேன், நம் மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக்கை ஏற்றிக்கொண்டு வர எனக்கு மனமில்லை.

தாளைத் தேர்ந்தெடுத்தது தபாலை வைத்து. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப இருந்த பழைய புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது எங்களைப் போன்றவர்களுக்குக் கை ஒடிந்தது போல ஆனது. 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, மத நூல்களுக்கானது, விளம்பர வெளியீடுகள் செல்லாது, பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் அஞ்சலகத்தில் நாவலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் எடுத்துக்கொண்டார்கள். 70 ஜிஎஸ்எம் தாளில் 256 பக்கப் புத்தகம் அட்டையோடு 290 கிராமைத் தொடும், உறை போட்டால் 300ஐத் தாண்டிவிடும். 60 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் என்றால் 250 கிராம் அளவில் நிற்கும், உறையோடு அனுப்பலாம். கண்ணுக்கும் அந்த மங்கலான மஞ்சள் இதமாக இருக்கிறது.

பதிப்பாளர் நாமே என்றால் இன்னொரு கடமையும் நம்முடையது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி, வெளியான 30 நாளுக்குள், நம் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிற நிறைய பேர் இதைச் செய்வதே இல்லை. செய்யுங்கள். தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த ஒருத்தியின் கதை கன்னிமாராவில் இருக்கிறது என்று எங்கள் பாட்டியிடம் சொன்னபோது, "அங்க யாரு வேணும்னாலும் போய் எடுத்துப் படிக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

விற்பனை விஷயத்தில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விலை 320 வைத்தேன். கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள், கைக்கு 192 வரும், அச்சுச் செலவு 125 போனால் 67. எடிட்டருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்ததைக் கடை வழியாக மட்டும் எடுக்க முடியாது. நேரடியாக விற்றதில்தான் போட்ட முதல் திரும்பிக்கொண்டிருக்கிறது: தொழிற்சாலையில் உடன் வேலை செய்கிறவர்கள், கூடலூர் பக்கத்துச் சொந்தங்கள், ஊட்டியில் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு நண்பரின் அரங்கில் ஒரு மூலை. சென்னைப் புத்தகக் காட்சியில் தனி எழுத்தாளருக்குக் கடை கிடைப்பது கடினம், ஏதாவது பதிப்பகம் தன் அரங்கில் வைத்துக்கொள்கிறதா என்று ஐப்பசியிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது அச்சுக்கு 100 பிரதி சொல்லியிருக்கிறேன், இந்த முறை நூல் தையல் போட்டுப் பார்க்கப் போகிறோம். கேடிபியில் செலக்டை இப்போதைக்குத் தொடர்கிறேன், பக்கக் கணக்கில் வருவது நின்றுவிட்டால் வெளியே வந்து கூகுள் பிளே புக்ஸிலும் போடுவேன். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ யாராவது முதல் நாவலை அச்சுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் எழுதுங்கள். அச்சகத்துக்கு நான் கொடுத்த குறிப்புகள், லேஅவுட் அளவுகள், டீச்சரோடு போட்ட நோட்டின் மாதிரிப் பக்கம் எல்லாம் அனுப்பி வைக்கிறேன்.